பண்டிட்: நீதிமன்றத்திலிருந்து ஸ்டூடியோவுக்குப் போன சொல்

அயர்லாந்தின் கேலிக் கால்பந்துச் செய்திகளைத் தொடர்ந்து படிக்கிறவர் கண்ணில் வாரம் ஒருமுறையாவது படும் சொல் ‘பண்டிட்’. ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடியும். அன்றிரவு தொலைக்காட்சியில் முன்னாள் வீரர்கள் உட்கார்ந்து நடுவரின் முடிவுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டு அலசுவார்கள். மறுநாள் பத்திரிகையில் ‘பண்டிட்டுகள் நடுவரைச் சாடினர்’ என்கிற ரீதியில் தலைப்பு வரும். இப்படிப்பட்ட செய்தியைத் தமிழில் எழுத உட்காரும்போதெல்லாம் என் கை இந்தச் சொல்லில் நின்றுவிடும். பண்டிதர் என்று எழுதினால் ஓலைச்சுவடியும் மூக்குக்கண்ணாடியும் நினைவுக்கு வருகின்றன. வர்ணனையாளர் என்றால் அது வேறு வேலை: அவர் நடப்பதை நடக்கும்போதே சொல்பவர். நிபுணர் என்று எழுதிவிட்டுப் போகலாம். ஆனால் எந்த நிபுணர், எதில் நிபுணர் என்ற கேள்வி அங்கேயே நிற்கிறது.

மூலம் நமக்குத் தெரிந்ததுதான். சமஸ்கிருதத்தில் ‘பண்டித’ என்றால் கற்றறிந்தவர். தமிழில் இது பழகிப்போன சொல். பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்தவர் தமிழ்ப் பண்டிதர். நாடி பிடித்து மருந்து கொடுத்தவரும் பண்டிதர். அயோத்திதாசர் பெயரோடு ஒட்டி நிற்கும் பண்டிதர் அந்த வைத்தியப் பரம்பரையைச் சேர்ந்தது. யாழ்ப்பாணத்தில் ‘பண்டிதர்’ என்பது பாடுபட்டுப் படித்து, தேர்வு எழுதி வாங்கும் பட்டம். எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்று உண்டு. இவர் படித்துத் தேறியவர்; பிறர் இவரைத் தேடி வந்து கேட்பார்கள்.

ஆங்கிலம் இந்தச் சொல்லை 17-ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்து எடுத்துக்கொண்டது. அதற்கு ஓர் உத்தியோகப் பொருள் வந்தது கம்பெனி ஆட்சியில். 1772-இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் வகுத்த திட்டப்படி, இந்துக்களின் வாரிசுரிமை, திருமணம் போன்ற வழக்குகளில் சாஸ்திரம் என்ன சொல்கிறது என்று ஆங்கிலேய நீதிபதிக்கு எடுத்துச் சொல்ல நீதிமன்றங்களில் பண்டிதர்கள் அமர்த்தப்பட்டார்கள். முஸ்லிம்களின் வழக்குகளுக்கு மௌல்விகள். நீதிபதி கேள்வியை எழுதி அனுப்புவார். பண்டிதர் நூலைப் பார்த்து எழுத்தில் பதில் தருவார். அதற்குப் பிறகுதான் தீர்ப்பு. 1864-இல் அந்தப் பதவியை எடுத்துவிட்டார்கள்.

பண்டிதர் எழுதிக் கொடுத்த அந்தப் பதிலுக்கு ‘வியவஸ்தை’ என்று பெயர். வரையறுத்துச் சொன்னது, ஒழுங்குபடுத்தியது என்று பொருள். அதேதான் நம் வீட்டுப் பேச்சில் ‘விவஸ்தை’ ஆகியிருக்கிறது. ‘விவஸ்தை இல்லாமல் பேசாதே’ என்று பாட்டி அதட்டுகிறாளே, அந்த விவஸ்தை. எந்த இடத்தில் எதை எவ்வளவு சொல்ல வேண்டும் என்ற வரையறை.

19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் இந்தச் சொல் சாஸ்திரத்தை விட்டு வெளியே வந்து, எந்தத் துறையிலும் அபிப்பிராயம் சொல்லத் தகுதி உள்ளவரைக் குறிக்கத் தொடங்கியது. பத்திரிகை வந்தபோது அரசியல் பண்டிட், தொலைக்காட்சி வந்தபோது விளையாட்டுப் பண்டிட். வழியில் ஒரு பெரிய மாற்றம் நடந்துவிட்டது. நீதிமன்றப் பண்டிதர் தீர்ப்புக்கு முன்னால் பேசினார், தீர்ப்பளிப்பவருக்குத் துணையாக. ஸ்டூடியோப் பண்டிட் தீர்ப்புக்குப் பின்னால் பேசுகிறார், பெரும்பாலும் தீர்ப்பளித்தவரைப் பற்றி.

எதிர்ப்பக்கத்துச் சொல்லையும் பார்த்துவிட வேண்டும். ‘ரெஃப்ரி’ என்பதன் வேர், லத்தீனில் ‘திருப்பிக் கொண்டுபோ’ என்று பொருள்படும் வினை. யாரிடம் கொண்டுபோய்க் கேட்கிறோமோ அவர் ரெஃப்ரி. 19-ஆம் நூற்றாண்டுக் கால்பந்தில் இரு அணிகளும் தங்கள் தங்கள் பக்கத்துக்கு ஒரு அம்பயரை நிறுத்தின. அந்த இருவருக்கும் ஒத்துவராதபோது மட்டும் மூன்றாமவரிடம் போய்க் கேட்டார்கள். ஐரிஷ் மொழியில் கேலிக் ஆட்டங்களின் நடுவருக்கு ‘ரேட்டோர்’ என்று பெயர். சமன்செய்தல், சிக்கல் எடுத்தல், தகராறு தீர்த்தல் என்று பொருள் தரும் வினையிலிருந்து வந்தது. தமிழ் ‘நடுவர்’ அவர் நிற்கும் இடத்தைச் சொல்கிறது. இலங்கைப் பத்திரிகைகளின் ‘மத்தியஸ்தர்’ அதையே சமஸ்கிருதத்தில் சொல்கிறது, நடுவில் நிற்பவர் என்று. குறளில் நடுவுநிலைமைக்கு ஓர் அதிகாரமே இருக்கிறது. ஒரு பக்கம் சாயாத துலாக்கோல் அங்கே உவமை. நடுவன் என்று எமனுக்கும் ஒரு பெயர் உண்டு. யாருக்காகவும் கணக்கை மாற்றாதவன் என்பதால்.

இனி அந்த நடுவர் நிற்கும் மைதானத்துக்கு வருவோம். கேலிக் கால்பந்தில் பக்கத்துக்கு 15 பேர். கம்பங்களுக்கு நடுவே, குறுக்குக் கம்பத்துக்கு மேலே பந்து போனால் ஒரு புள்ளி; 2025 முதல், 40 மீட்டர் வளைவுக்கு வெளியிலிருந்து உதைத்தால் இரண்டு. கீழே வலைக்குள் போனால் கோல், மூன்று புள்ளிக்குச் சமம். 1-12 என்று எழுதியிருந்தால் ஒரு கோலும் 12 புள்ளியும், மொத்தம் 15. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நான்கு காலடிக்கு மேல் ஓடக் கூடாது. தரையில் தட்ட வேண்டும், அல்லது காலால் தட்டிக் கைக்குக் கொண்டுவர வேண்டும். தொடர்ந்து இருமுறை தரையில் தட்டக் கூடாது. தோளோடு தோள் மோதலாம். பிடித்து இழுக்கக் கூடாது. நான்கு காலடியா ஐந்தா, மோதலா இழுவையா என்பதை 30 பேர் ஓடும் கூட்டத்தில் ஓடிக்கொண்டே ஒருவர் பார்க்க வேண்டும். கோட்டருகே இருவர், கோல் கம்பங்களின் அருகே வெள்ளைக் கோட்டுப் போட்ட நால்வர் அவருக்குத் துணை. அந்த நால்வரை அவரே அழைத்து வருவது வழக்கம். பல நேரம் சொந்தக்காரர்களும் ஊர் நண்பர்களுமாகவே இருப்பார்கள். கோல் விழுந்தால் பச்சைக் கொடி, புள்ளி விழுந்தால் வெள்ளைக் கொடி காட்டுவது அவர்கள் வேலை. வீடியோ பார்த்து முடிவை மாற்றும் ஏற்பாடு இந்த ஆட்டத்தில் கிடையாது. பந்து கம்பங்களுக்கு நடுவே போயிற்றா என்று மட்டும் பார்க்கும் ஹாக்-ஐ என்ற கேமராக் கருவி 2013-இல் டப்ளினில் உள்ள சங்கத்தின் தலைமை மைதானமான குரோக் பார்க்குக்கு வந்தது.

முக்கியமாக, இது சம்பளம் இல்லாத ஆட்டம். 1884-இல் தர்லஸ் ஊரில் தொடங்கிய கேலிக் விளையாட்டுச் சங்கம் இன்றும் அப்படித்தான் நடத்துகிறது. வீரருக்குச் சம்பளம் இல்லை. நடுவருக்கும் இல்லை, பயணச் செலவு உண்டு. 80,000 பேர் முன்னால் விசில் ஊதியவர் திங்கட்கிழமை காலை பள்ளிக்கூடத்துக்கோ அலுவலகத்துக்கோ போய்த் தன் வேலையைப் பார்க்க வேண்டும். அன்று காலைப் பத்திரிகையில் அவர் பெயர் இருக்கும். அதனால்தான் கீழே வரும் இரண்டு சம்பவங்களிலும் நடுவர்களின் பெயரை நான் எழுதவில்லை.

முதல் சம்பவம் 2010 ஜூலை 11, லென்ஸ்டர் மாகாண இறுதிப்போட்டி. லவுத் அணி 1957-க்குப் பிறகு அந்தக் கோப்பையைத் தொட்டதில்லை. கூடுதல் நிமிடங்கள் ஓடுகின்றன. மீத் அணியைவிட லவுத் ஒரு புள்ளி முன்னால். கோல் வாயில் ஒரு தள்ளுமுள்ளு. மீத்தின் ஜோ ஷெரிடன் பந்தைக் கையில் பிடித்தபடி கோட்டைத் தாண்டி விழுகிறார். விதிப்படி பந்தைத் தூக்கிக்கொண்டு போய்க் கோல் போட முடியாது. ஆனால் கோல் என்று முடிவாகி, 1-12-க்கு 1-10 என்று மீத் வென்றது. விசில் ஊதியதும் ரசிகர்கள் சிலர் ஓடிவந்து நடுவரைத் தாக்கினார்கள். காவலர்கள் சூழ அவரை வெளியே கொண்டுபோனார்கள். தான் செய்தது தவறு என்று நடுவர் ஒப்புக்கொண்டதாகப் பிறகு சங்கம் அறிவித்தது. மறு ஆட்டத்துக்கு முன்வருவது மீத்தின் கையில் இருந்தது, அவர்கள் முன்வரவில்லை.

‘அந்தக் கோல் செல்லாது’ என்று அன்றிரவு ஸ்டூடியோவில் சொன்னதில் எந்தத் தவறும் இல்லை. செல்லாதுதான். விதியின் எந்த வரி மீறப்பட்டது என்று காட்டினால் அது நல்ல வியவஸ்தை. ஆனால் அந்த ஐந்து விநாடிக் காட்சியைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு ஒரு மனிதரின் தகுதியை, நேர்மையை, மனநிலையைப் பற்றிப் பேசத் தொடங்கும்போது பேச்சு வேறு இடத்துக்குப் போய்விடுகிறது. லவுத் மக்களின் வலி உண்மையானது. மீண்டும் அந்தக் கோப்பை அவர்கள் கைக்கு வர 2025 ஆயிற்று. அதுவும் மீத்தை வென்று, 68 ஆண்டுகளுக்குப் பின்.

இரண்டாவது, 2019 அகில அயர்லாந்து இறுதிப்போட்டி. தொடர்ந்து ஐந்தாவது பட்டத்துக்காக டப்ளின், எதிரே கெர்ரி. நடுவர் மீத் கவுன்டிக்காரர் (கவுன்டி என்பது நம் மாவட்டம் போன்றது), ஆனால் டப்ளினில் வசித்து வேலை பார்ப்பவர். ஆட்டத்துக்கு முன்பே கெர்ரி பக்கத்திலிருந்து அதைப் பற்றி ஊடகத்தில் பேச்சு எழுந்தது: டப்ளினில் இருப்பவர் டப்ளின் ஆட்டத்துக்கு நடுவரா என்று. முதல் பாதியில் அவர் கெர்ரிக்கு ஒரு பெனால்டி கொடுத்தார். டப்ளினின் ஜானி கூப்பரை இரண்டாவது மஞ்சள் அட்டை காட்டி வெளியேற்றினார். அயர்லாந்தின் பொதுத் தொலைக்காட்சியான ஆர்டிஇ-யின் அன்றைய ஒளிபரப்பிலேயே ஜோ பிராலி, கெர்ரியின் பிரசாரம் நடுவரைப் பாதித்துவிட்டது என்ற பொருள்படப் பேசினார். 1993-இல் டெர்ரி அணியோடு பட்டம் வென்றவர் பிராலி, தொழிலால் வழக்கறிஞர். ஆட்டம் 1-16-க்கு 1-16 என்று சமனில் முடிந்தது. மறு ஆட்டத்தின் ஸ்டூடியோவில் பிராலி இல்லை. அதன் பிறகு ஆர்டிஇ-யில் அவர் தொடரவும் இல்லை.

ஒரே மனிதர், ஒரே ஆட்டம். சில நாட்களுக்கு முன் டப்ளின் பக்கம் சாய்வார் என்றார்கள். அன்றைக்குக் கெர்ரி பக்கம் சாய்ந்தார் என்றார்கள். நடுவர் என்ற சொல்லில் இருக்கும் ‘நடு’வை இரண்டு பேச்சும் பிடுங்கிவிட்டன. பெனால்டி சரியா தவறா என்று விவாதிக்கலாம், விதிப்புத்தகம் இருக்கிறது. ஒருவர் மனத்துக்குள் எது வேலை செய்தது என்று விவாதிக்க எந்தப் புத்தகமும் இல்லை. பேச்சோடு நின்றாலும் பரவாயில்லை, நிற்பதில்லை. 2022-இல் ராஸ்காமன் கவுன்டியில் சிறுவர் ஆட்டமொன்றில் நடுவர் தாக்கப்பட்டார். அங்கே எல்லா ஆட்டங்களையும் நிறுத்திவைத்தார்கள். 2025-இல் வந்த புதிய விதிகளின்படி, நடுவரோடு வாதாடினால் எதிரணிக்குக் கிடைத்த ஃப்ரீ கிக் 50 மீட்டர் முன்னால் போய்விடும்.

சரி, தமிழில் என்ன எழுதலாம்? ‘விமர்சகர்’ நன்றாகவே பழகிய சொல். அதன் மூலமான ‘விமர்ச’ என்பது தொட்டுப் பார்த்தல், ஆராய்தல் என்ற பொருளில் பிறந்தது; இன்று ‘விமர்சித்தார்’ என்றால் குறை சொன்னார் என்றுதான் வாசகர் எடுத்துக்கொள்கிறார். ‘வல்லுநர்’ அவர் ஆடிய காலத்துத் திறமையைச் சொல்லும், இப்போது செய்யும் வேலையைச் சொல்லாது. என் தேர்வு ‘ஆட்டத் திறனாய்வாளர்’. இலக்கியத்தில் நூலை எடைபோடுபவருக்கு வைத்த சொல்; திறனையும் ஆய்வையும் சேர்த்தே வைத்திருக்கிறது. கொஞ்சம் நீளம்தான். தலைப்பில் இடம் போதாவிட்டால் ‘திறனாய்வாளர்’ மட்டும் போதும், சூழல் காட்டிக்கொடுத்துவிடும். ‘பண்டிட்’ என்று அப்படியே எழுதுவதை நான் விட்டுவிட்டேன். அடுத்த வரியில் யாரோ அதைப் பண்டிதர் ஆக்கிவிடுகிறார்கள், நம் பண்டிதர்கள் தேர்வு எழுதி வாங்கிய சொல் அது.

வினைச்சொல்லில் இன்னும் கவனம் வேண்டும். நம் விளையாட்டுப் பக்கங்களில் ‘விளாசினார்’, ‘வறுத்தெடுத்தார்’, ‘வெளுத்து வாங்கினார்’, ‘கிழித்துத் தொங்கவிட்டார்’ எல்லாம் சரளமாக வருகின்றன. முதலாவது பிரம்படி, இரண்டாவது வாணலி, மூன்றாவது துவைகல். பந்தை விளாசட்டும், நன்றாக இருக்கிறது. மனிதரை விளாசினார் என்று எழுதும்போது, சொன்ன கருத்து என்ன என்பது வாசகருக்குப் போய்ச் சேருவதே இல்லை. அடி விழுந்தது என்பது மட்டும் சேருகிறது.

2019 செய்தியை இன்று தமிழில் எழுதச் சொன்னால் இப்படி எழுதுவேன்: ‘நடுவரின் முதல் பாதி முடிவுகளைத் திறனாய்வாளர் ஜோ பிராலி ஏற்கவில்லை, நடுவர் கெர்ரியின் பிரசாரத்துக்கு ஆட்பட்டார் என்றும் குற்றஞ்சாட்டினார்.’ ஏற்கவில்லை என்பது ஆட்டத்தைப் பற்றியது. குற்றஞ்சாட்டினார் என்பது ஆளைப் பற்றியது. அந்தச் சொல்லைப் பார்த்ததும் வாசகர் ஆதாரம் எங்கே என்று கேட்பார்.