தண்ணீர் குடிக்க மறுக்கும் மண்

தேவகோட்டைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "எங்கள் கண்மாய்க்கு மேற்கே இருந்த சீமைக்கருவேலங்காடு கோடையில் எரிந்துபோனது. முதல் மழைக்குக் கண்மாய்த் தண்ணீர் கறுத்து வாடை அடித்தது. சாம்பல் தண்ணீரைச் சுத்தம் செய்யும் என்றுதானே பெரியவர்கள் சொல்வார்கள்? மலைக்காடு எரிந்தால் அணைத் தண்ணீரும் இப்படித்தான் ஆகுமா?"

ஆகும். சாம்பலை முதலில் முடித்துவிடலாம். அதில் கால்சியம், பொட்டாசியம் கார்பனேட்டுகள் இருக்கின்றன. அவை தண்ணீரைக் காரமாக்கும். பாத்திரப் பிசுக்கு போவது அந்தக் காரத்தால்தான். குடிநீருக்கு அது மருந்தல்ல. ஆனால் அணையைக் கெடுப்பதில் சாம்பலின் பங்கு பாதிகூட இல்லை என்பேன். பெரிய வேலையைச் செய்வது, எரிந்த காட்டின் மண்.

காய்ந்த சருகில் மெழுகும் பிசினும் உண்டு. தீ மேலே போகும்போது இவற்றில் ஒரு பகுதி எரிகிறது, மிச்சம் ஆவியாகிறது. மண் வெப்பத்தைச் சுலபத்தில் கடத்தாது. மேல்மண் நூற்றுக்கணக்கான டிகிரி கொதிக்கும்போதும், சில சென்டிமீட்டர் கீழே கை வைக்கும் சூடுதான் இருக்கும். மெழுகு ஆவியின் ஒரு பங்கு அந்தக் குளிர்ச்சியைத் தேடிக் கீழே இறங்குகிறது. இட்லிப் பானை மூடியில் ஆவி படிவதுபோல மணல்மணிகளின் மேல் படிந்துவிடுகிறது. ஒவ்வொரு மணிக்கும் மிக மெல்லிய மெழுகுச் சட்டை.

இதில் என்னைச் சொக்க வைப்பது வெப்பநிலைக் கணக்கு. மண் ஏறக்குறைய 175 முதல் 200 டிகிரி செல்சியஸ் வரை சூடானால் இந்தச் சட்டை நன்றாக ஒட்டிக்கொள்கிறது. 280 டிகிரியைத் தாண்டினால் அதுவே எரிந்து போய்விடுகிறது. அதனால் உக்கிரமாக எரிந்த இடத்தில் மேல்மண் தண்ணீரை ஏற்கும். மெழுகுப் படலம் அதற்குக் கீழே, கண்ணுக்குத் தெரியாமல், சில சென்டிமீட்டர் ஆழத்தில் ஒளிந்திருக்கும். மழை பெய்கிறது. சாம்பலும் மேல்மண்ணும் தண்ணீரை உறிஞ்சிக் கனக்கின்றன. தண்ணீர் படலத்தைத் தொட்டதும் கீழே போக வழியில்லை. சரிவான இடமாக இருந்தால், மேலே உள்ளதெல்லாம் குழம்பாகி அப்படியே வழுக்கி இறங்குகிறது. தடுத்து நிறுத்தப் புல்லும் இல்லை, சருகும் இல்லை. மணற்பாங்கான மண்ணில் இது இன்னும் மோசம். மணியின் மொத்தப் பரப்பு குறைவு என்பதால் கொஞ்சம் மெழுகே போதும். களிமண்ணுக்கு நிறைய வேண்டும்.

நீங்களே சோதிக்கலாம். எரிந்த இடத்தில் சாம்பலை விலக்கிவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தோண்டி, ஒவ்வொரு ஆழத்திலும் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். 5 விநாடிக்கு மேலும் உள்ளே இறங்காமல் முத்துப்போல் நின்றால் அந்த மண் தண்ணீரை மறுக்கிறது. மண்ணறிவியலாளர்கள் கையாளும் சோதனையும் இதேதான். கருவி எதுவும் வேண்டாம்.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 1996 மே மாதம் பஃபலோ கிரீக் காடு எரிந்தது. ஜூலையில் பெய்த ஒரே பேய்மழை, டென்வர் நகரத்துக்குத் தண்ணீர் தரும் ஸ்ட்ரான்ஷியா ஸ்பிரிங்ஸ் நீர்த்தேக்கத்துக்குள் மண்ணையும் கரிக்கட்டைகளையும் கொண்டுவந்து கொட்டியது. 2002-இல் அதே பக்கத்தில் ஹேமன் காட்டுத் தீ. இந்த இரண்டு தீக்கும் பின்னால் தூர் வாரவும் சரிவுகளைச் சீராக்கவும் 2.6 கோடி டாலருக்கு மேல் செலவானது. ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவுக்கு அதுவரை மலைத் தண்ணீரை வடிகட்டும் தேவையே இருந்ததில்லை. கிருமிநீக்கம் செய்தாலே போதும். 2003 ஜனவரித் தீயில் காட்டர் ஆற்று நீர்ப்பிடிப்புக் காடு எரிந்ததும் புதிதாகச் சுத்திகரிப்பு நிலையமே கட்ட வேண்டி வந்தது.

அணைக்குள் வந்த சேறு அடியில் படிந்ததோடு கதை முடியாது. அதில் இரும்போடு ஒட்டிக்கொண்டு பாஸ்பரஸ் வருகிறது. கோடையில் அடித்தண்ணீரில் ஆக்சிஜன் தீர்ந்ததும் இரும்பு கரைந்து, பாஸ்பரஸைக் கைவிடுகிறது. நீலப்பச்சைப் பாசிக்கு அதுவே விருந்து. மாங்கனீசும் கரைந்து வரும். குழாய்த் தண்ணீர் பாத்திரத்தில் கறுப்புக் கறை வைக்கும். கரைந்த சருகுச் சாரத்தோடு குளோரின் சேர்ந்தால் டிரைஹாலோமீத்தேன்கள் என்ற வேதிப்பொருள்கள் உண்டாகின்றன. அவற்றுக்கு அளவு வரம்பு வைத்திருப்பது புற்றுநோய் அச்சத்தால். சுத்திகரிப்பு நிலையத்தில் படிகாரச் செலவும் ஏறும்.

குன்றக்குடி, பிள்ளையார்பட்டிக் குன்றுகளை விட்டால் நமக்கு மலை ஏது என்று செட்டிநாட்டார் சும்மா இருக்க முடியாது. கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் காவிரி நம் மாவட்டத்துக்கு வருகிறது. வைகையின் நீர் வருசநாட்டு மலையிலும் மேகமலையிலும் பிறக்கிறது. 2018 மார்ச்சில் மலையேறச் சென்ற 20-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட குரங்கணிக் காட்டின் மழையும் கொட்டகுடி ஆற்றின் வழியே வைகைக்குத்தான் போய்ச் சேர்கிறது. மலைக்குத் தீ வைத்தால் மழை வரும் என்று இன்னும் சிலர் நம்புகிறார்கள். தீ மழையைக் கொண்டுவராது. வரும் மழையை மண்ணுக்குள் போகவிடாமல் செய்யும். இந்த நம்பிக்கையைப் பள்ளிக்கூடத்திலேயே கிள்ளி எறிய வேண்டும்.

தீயை அணைக்கப் பணம் கேட்டால் கிடைக்கும். தீக்குப் பின் வரும் முதல் வெள்ளத்தை அளக்கப் பணம் கேட்டால் யார் தருவார்? அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால்தான் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953-இல் திறக்கப்பட்டது. தண்ணீரில் நைட்ரேட்டையும் மாங்கனீசையும் கரைந்த ஆக்சிஜனையும் மின்முனைகளால் அளப்பது மின்வேதியியலின் சொந்த நிலம். மலையடிவார ஓடைகளில் அப்படிப்பட்ட உணரிகளை நிறுத்த நிதி ஒதுக்கினால், கறுப்புத் தண்ணீர் அணையைத் தொடுமுன் மதகுக்காரருக்குச் சேதி போய்விடும். ஒரு தூர்வாரும் ஒப்பந்தத்தை விட இது மலிவு என்பது என் உறுதியான எண்ணம்.

கேள்வி கேட்டவரின் கண்மாய்க்கு வருவோம். சமதரை என்பதால் மலைச்சரிவின் ஆபத்து அங்கே இல்லை. வந்தது பெரும்பாலும் சாம்பலும் கரியும்தான். சொட்டுச் சோதனையில் படலம் தெரிந்தால், அடுத்த மழைக்கு முன் மண்வெட்டியால் அரை அடி கொத்திவிடுங்கள், படலம் உடைந்துவிடும். வெட்டிய முள்ளை எரிக்காமல் தண்ணீர் ஓடிவரும் வழிக்குக் குறுக்கே போட்டால் சேறு அங்கேயே தங்கும். அந்தப் பக்கத்திலிருந்து குடிநீர் ஊருணிக்கு வரத்துக்கால் இருந்தால், முதல் இரண்டு மழைக்கு அதை அடைத்து வைத்து, தண்ணீரைக் கண்மாய்க்கே திருப்பிவிடுங்கள்.