கண்ணு மஞ்சளாச்சா? கீழாநெல்லிக்கு முன்னாடி ஒரு ரத்த டெஸ்ட் எடுங்க

மலேசியாவுல எங்க சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துல யாருக்காவது கண்ணு மஞ்சளா தெரிஞ்சா வீட்டுல மொதல்ல ஓடுறது கிளினிக்குக்கு இல்ல, கொல்லைப்பக்கம் கீழாநெல்லி பறிக்கத்தான். அரைச்சு மோருல கலக்கிக் குடிச்சு, உப்பு எண்ணெய் எல்லாம் தள்ளி வச்சு, அப்பவும் எறங்கலன்னாதான் எங்க கிளினிக் பெஞ்சுல வந்து உக்காருவாங்க. பாட்டி காலத்துலேர்ந்து வந்த வைத்தியம், அத நான் கேலி பண்ண மாட்டேன். ஆனா காமாலை பல வியாதிக்கும் பொதுவா வர்ற ஒரு அடையாளம்ங்க, எது உள்ள இருக்குன்னு பாக்காம நாள கடத்துறதுலதான் ஆபத்தே இருக்கு.

"குடிச்சு சரியானவங்க இருக்காங்களே டாக்டரம்மா"ன்னு கேப்பாங்க. இருக்காங்கதான். தண்ணி, சாப்பாடு மூலமா வர்ற ஹெப்படைட்டிஸ் ஏங்கற ஈரல் வைரஸ் வியாதி பெரும்பாலும் சில வாரத்துல தானாவே போயிடும், எலையக் குடிச்சாலும் போகும் குடிக்காட்டியும் போகும், ஆனா பேரு எலைக்குப் போயிடும். அதே மஞ்சள் எலி மூத்திரத்தால வர்ற காய்ச்சல்லயும் வரும், செம்பனைத் தோட்டத்துல கால்வா தண்ணியில எறங்கி வேலை செய்றவங்களுக்கு இது சகஜமா வரக்கூடிய வியாதி. காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண்ணு செவந்து அப்புறம் மஞ்சளாச்சுன்னா அன்னிக்கே ஆஸ்பத்திரி போங்க, ஆன்டிபயாட்டிக் தள்ளிப்போனா கிட்னியே நின்னுடலாம். பித்தப்பைக் கல்லு அடைச்சாலும் மஞ்சள்தான், கணையத்துல கட்டி வந்தாலும் மஞ்சள்தான்.

கீழாநெல்லிய ஆராய்ச்சிக்காரங்க கண்டுக்கவே இல்லன்னு சொல்றது தப்பு. 1988-ல சென்னையில தியாகராஜன் குழுவினர், ஹெப்படைட்டிஸ் பி வைரஸக் கண்டுபிடிச்சு நோபல் பரிசு வாங்குன புளூம்பெர்கோட சேர்ந்து, அந்த வைரஸ் இருந்தவங்களுக்கு கீழாநெல்லிய பவுடராக்கி 30 நாள் குடுத்துப் பாத்தாங்க. குடிச்ச 37 பேர்ல 22 பேருக்கு ரத்தத்துல வைரஸ் அடையாளம் மறைஞ்சுதுன்னு லான்செட்ல வந்துச்சு, மருந்தில்லாத பவுடர் குடிச்ச 23 பேர்ல ஒருத்தருக்குத்தான். உலகமே திரும்பிப் பாத்துச்சு. அப்புறம் வேற ஊர்கள்ல செஞ்சு பாத்தப்ப அந்த பலன் கெடைக்கல. நம்ம மூலிகைய மதிச்சுத்தான் சோதிச்சாங்க, சோதனையில நிக்கல, அவ்வளவுதான்.

இந்த ஹெப்படைட்டிஸ் பி-தான் எனக்கு பெரிய கவலை. போன வருஷம் செம்பனைக் குலை வெட்டுற அண்ணன் ஒருத்தர் கால் வீங்குதுன்னு வந்தாரு. முழங்காலுக்குக் கீழ எலும்பு மேல கட்டை வெரல வச்சு அமுக்கி எடுத்தேன், குழி அப்படியே நின்னுச்சு. உள்ளங்கை ரெண்டும் செவப்பு, நெஞ்சுல சின்னச் சின்ன செலந்தி மாதிரி ரத்தக் கோடு, வயித்துல தண்ணி கோர்த்து இறுகி தொப்புள் வெளிய தள்ளியிருந்துச்சு. "நான் கள்ளு, சம்சு எதையும் தொட்டதில்லம்மா, எனக்கு எப்படி ஈரல் கெடும்?" அவர் கேட்டது இதுதான். ரத்தத்துல ஹெப்படைட்டிஸ் பி. அனேகமா பொறக்கும்போதே அம்மாகிட்டேர்ந்து வந்திருக்கும், இத்தனை வருஷமா சத்தமில்லாம ஈரலத் தின்னுக்கிட்டு இருந்திருக்கு.

நம்ம நாட்டுல பொறந்த கொழந்தைகளுக்கு ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி 1989-லதான் ஆரம்பிச்சுது. அதுக்கு முன்னாடி பொறந்த நீங்க, உங்க அண்ணன் அக்கா எல்லாரும் ஒரு தடவையாவது டெஸ்ட் எடுங்க, உடம்பு நல்லா இருந்தாலும் எடுங்க. வைரஸ் இருந்து, மருந்து தேவைன்னு டாக்டர் சொன்னா, அத அடக்குற டெனோஃபோவிர் மாதிரி மாத்திரை தெனம் ஒண்ணு. 2013-ல வந்த ஆராய்ச்சியில, ஈரல் சுருங்கிப் போன 96 பேர் அஞ்சு வருஷம் அத சாப்பிட்டதுல 71 பேருக்கு அந்த சுருக்கம் திரும்பி சரியாகியிருந்துச்சு, ஆனா அவங்க எல்லாம் வயித்துல தண்ணி கோர்க்கறதுக்கு முன்னாடியே மருந்து ஆரம்பிச்சவங்க. ஹெப்படைட்டிஸ் சி-க்கு இன்னும் நல்ல சேதி, பெரும்பாலும் 12 வாரம் மாத்திரை, சாப்பிட்டவங்கள்ல முக்கால்வாசிக்கும் மேல முழுசா கொணமாயிடுறாங்க. 2017-ல நம்ம அரசாங்கமே முன்வந்து சோஃபோஸ்புவிர்ங்கற ஹெப்படைட்டிஸ் சி மாத்திரைய விலை குறைச்சு கொண்டு வர வழி பண்ணுச்சு, அதோட சேத்துக் குடுக்கற ராவிடாஸ்விர் மருந்தையும் இங்கயும் தாய்லாந்துலயும் சோதிச்சாங்க. பழைய காலத்துல ரத்தம் ஏத்துனவங்க, போதை ஊசி போட்டவங்க, டெஸ்ட் எடுக்கணும்னு வெக்கப்படாம கேளுங்க.

ரொம்ப முத்திட்டா மாத்து ஈரல்தான் வழி. பெரியவங்களுக்கு அரசாங்கத்துல செலாயாங் ஆஸ்பத்திரியில செய்றாங்க. 1963-ல அமெரிக்காவுல ஸ்டார்ஸ்ல் மொதல்ல செஞ்சப்ப அந்தக் கொழந்தை பொழைக்கல, இன்னிக்கு எவ்வளவோ மாறிடுச்சு. உயிரோட இருக்கற சொந்தக்காரங்களே ஈரல்ல ஒரு பங்கு குடுக்கலாம், மிச்சம் இருக்கறது சில மாசத்துல கிட்டத்தட்ட பழைய அளவுக்கு வளந்துடும். ஆனா அப்பாவுக்குக் குடுக்கறேன்னு வர்ற பையனோட ஈரல்லயே கொழுப்பு ஏறியிருந்தா டாக்டருங்க தயங்குவாங்க, தெனம் ரெண்டு மூணு கிளாஸ் தே தாரிக், மைலோ ஐஸ், வேலை முடிஞ்சு ராத்திரி பதினோரு மணிக்கு ரொட்டி சானாய்னு இருந்தா ஏறாம என்ன செய்யும். 2023 தேசிய சுகாதார ஆய்வுல பெரியவங்கள்ல ஆறுல ஒருத்தருக்கு சக்கர வியாதின்னு வந்திருக்கு, சக்கரயும் ஈரல் கொழுப்பும் கூடவே வர்ற ஜோடி.

மாத்து ஈரல் வச்சவங்க வீட்டுல இருந்தா ஒண்ணு கவனிங்க. மாத்து ஈரல உடம்பு ஒதுக்காம இருக்க டாக்ரோலிமஸ் மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு தம்பூன் பம்ப்ளிமாஸ் குடுக்காதீங்க, மருந்து ரத்தத்துல ஏறிப்போகும். ஈப்போ போறவங்க எல்லாரும் வழியில வாங்கிட்டுத்தான் வருவாங்க, அதனாலதான் சொல்றேன். மூலிகை எதுவா இருந்தாலும் டாக்டர கேக்காம வேணாம்.

அந்த அண்ணனுக்கு மாத்திரை ஆரம்பிச்சு தண்ணி எறங்கியிருக்கு, ஆறு மாசத்துக்கு ஒரு தடவ ஸ்கேன் பாத்துக்கிட்டு வர்றோம். தம்பி தங்கச்சிங்கள கூட்டிட்டு வரச் சொன்னேன், ஒரு தம்பிக்கும் பாசிட்டிவ், ஆனா அவரோட ஈரல் இன்னும் நல்லா இருக்கு.

மைசெஜாத்திராங்கற அரசாங்க சுகாதார ஆப்புல உறுப்பு தானம் பதிவு பண்ணவங்க வீட்டுலயும் வாயத் தொறந்து சொல்லி வைங்க. நாளைக்கு ஐசியு வாசல்ல குடும்பத்தத்தான் கேப்பாங்க, அவங்களுக்குத் தெரியலன்னா வேணாம்னுதான் சொல்லுவாங்க.