குளோன்: நகலா, போத்தா?

மொழிபெயர்த்த அறிவியல் கட்டுரை ஒன்றில் 'நகல் ஆடு' என்று படித்தேன். குளோன் முறையில், அதாவது ஆணும் பெண்ணும் கூடாமல் ஒரே ஆட்டின் செல்லிலிருந்து பிறந்த டாலி என்ற செம்மறியைத்தான் சொல்கிறார்கள். ஜெராக்ஸ் கடையில் எடுத்த ஆடு போலிருக்கிறது. குளோன் வரும் இடத்திலெல்லாம் நகலாக்கம், நகலுயிரி, படியெடுப்பு. இத்தனை நாள் கண்டுகொள்ளாமல்தான் இருந்தேன்.

குளோன் என்பதன் வேர் கிரேக்கம். கொப்பு, இளங்கிளை என்று பொருள். 1903-இல் ஹெர்பர்ட் வெப்பர் என்ற அமெரிக்கத் தாவரவியலாளர், விதையில்லாமல் கிளை, கிழங்கு, ஒட்டு வழியாகப் பெருக்கும் செடிகளுக்கு இந்தப் பெயரை வைத்தார். ஆடும் பூனையும் பிற்பாடு வந்து சேர்ந்தவை.

நட்டு வளர்க்கும் கிளைக்கு நம்மிடம் சொல்லா இல்லை? முருங்கைக்குப் போத்து. கரும்புக்குக் கரணை, வாழைக்குப் பக்கக்கன்று, மல்லிகைக்குப் பதியன். வெப்பர் பெயர் தேடியதெல்லாம் நம் கொல்லையிலேயே கிடக்கிறது.

நகல் அரபியிலிருந்து வந்த சொல். குளோன் பிறமொழி என்று தள்ளிவிட்டு அந்த இடத்தில் இதை வைப்பது வேடிக்கைதான். அது போகட்டும், பத்திர ஆபீசில் பழகிய சொல், எனக்கு அதனோடு பகையில்லை. பொருள்தான் இடிக்கிறது. நகல் என்றால் அசல் ஒன்று தனியே இருக்கும். அதைப் பார்த்து இன்னொன்று செய்வோம். போத்து அப்படி மரத்தைப் பார்த்துச் செய்ததா? அது அந்த மரமேதான், வேறிடத்தில் வேர் பிடித்திருக்கிறது. 1996-இல் பிறந்த டாலியும் ஒரு செம்மறியின் மடியில் எடுத்த செல்லிலிருந்து வளர்ந்தவள்தான். ஆனால் அந்தச் செல்லின் உட்கருவை வைத்து வளர்த்த கருமுட்டை இன்னொரு ஆட்டினுடையது என்பதால், செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள அவளுடைய மரபுப்பொருள் அந்த ஆட்டின் வழியில் வந்தது. 2001-இல் டெக்சாசில் ஒரு மூவண்ணப் பூனையின் செல்லிலிருந்து பிறந்த குட்டிக்கோ ஆரஞ்சு நிறமே வரவில்லை. இப்படி ஒரு 'உண்மை நகலில்' எந்த அதிகாரி கையெழுத்துப் போடுவார்?

போத்திலும் ஒரு வில்லங்கம் உண்டு, மறைக்கவில்லை. தொல்காப்பிய மரபியல் ஆண் விலங்குப் பெயர்களில் போத்தையும் சேர்த்திருக்கிறது. ஆணும் பெண்ணும் கூடாமல் பிறந்ததற்கு ஆண் பெயரா என்று தமிழாசிரியர்கள் சண்டைக்கு வருவார்கள். 'போத்தாடு' என்று எழுதினால் கிடா என்றுதான் படிப்பார்கள். சரி, ஆட்டுக்குக் குளோன் என்றே இருக்கட்டும், தமிழ் ஒன்றும் கரைந்துவிடாது. செடிக்காவது போத்து என்று எழுதலாமே.

மொழிபெயர்ப்பவர்கள் எதிரே உள்ள ஆங்கிலச் சொல்லைப் பார்க்கிறார்களே தவிர, அந்தச் சொல் சுட்டும் பொருளைப் பார்ப்பதில்லை. அதே கட்டுரை இரண்டு பத்தி தள்ளி, 'தண்டுத் துண்டங்களை ஊன்றுதல்' என்கிறது. முருங்கையைப் பற்றி, ஐயா!