தேசிக்காய்க் கேக் நடுவில் குழிந்தால் உங்கள் கையைக் குறை சொல்லாதீர்கள்

மலைநாட்டில், ஹட்டனில் பத்து வருடங்களாக வீட்டிலேயே கேக் செய்து விற்கிறேன், சனிக்கிழமைகளில் வகுப்பும் எடுக்கிறேன். அங்கே வருகிறவர்களிடம் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு, "டீச்சர், ஒவனுக்குள்ள நல்லா பொங்கி வந்திச்சு, வெளியில எடுத்தா நடுவுல பள்ளம்." போன மாதம் ஓர் அக்கா மூன்று தடவை செய்து மூன்றுமே இப்படிப் போக, மாமியார் "உனக்குக் கைராசி இல்ல" என்று சொல்லிவிட்டாராம். பாவம், கொழும்பிலிருந்து போட்ட ஒரு வீடியோவைப் பார்த்து ஒரு கிராம்கூடப் பிசகாமல் அளந்திருக்கிறார். அதுதான் பிழையே.

கொழும்பு கடலோரம். ஹட்டன் 1,200 மீற்றருக்கு மேலே, நுவரெலியா 1,868 மீற்றர். மேலே ஏற ஏறக் காற்றழுத்தம் குறையும். நுவரெலியாவில் தண்ணீர் சுமார் 94 பாகையிலேயே கொதித்துவிடுவதால்தான் பருப்பு அவிய அவ்வளவு நேரம் எடுக்கிறது. கேக்கிலும் இதே அழுத்தக் கதைதான்: பேக்கிங் பவுடர் விடும் வாயு இங்கே கூடுதலாக விரிகிறது, மா வெந்து இறுகுவதற்கு முன்பே கேக் மளமளவென்று எழும்பி, தாங்க ஒன்றும் இல்லாமல் அப்படியே உட்கார்ந்துவிடுகிறது. பள்ளத்தைப் பார்த்துவிட்டு அடுத்த தடவை இன்னும் கொஞ்சம் பவுடர் போடுகிறோம் பாருங்கள், அது இன்னும் மோசம்.

நான் செய்யும் அளவு இது. பட்டர் 200 கிராம், கோதுமை மா 200 கிராம், முட்டை 4. சீனி 200 என்று எழுதியிருந்தால் 180 போதும், பேக்கிங் பவுடர் 2 தேக்கரண்டி என்றால் ஹட்டனில் ஒன்றரை, நுவரெலியாவில் ஒன்றேகால். இங்கே ஈரம் சீக்கிரம் ஆவியாகும் என்பதால் 2 மேசைக்கரண்டி பால் கூட்டுங்கள், ஒவனை 180க்குப் பதில் 190 பாகையில் வையுங்கள். அப்பச்சோடாவைப் பேக்கிங் பவுடருக்குப் பதிலாகப் போடாதீர்கள், இரண்டும் வேறு. தேசிக்காய்ப் புளி பட்டதுமே சோடா பொங்கி முடிந்துவிடும், ஒவன் சூடாகும்வரை காத்திருக்காது.

குளிரையும் மறக்கக்கூடாது. மார்கழியில் பட்டர் கல் மாதிரி இருக்கும், உடனே அடுப்படியில் வைத்து உருக்கிவிடுகிறோம். உருகிய பட்டரில் காற்று பிடிக்காது. நறுக்கி, ஒரு மணித்தியாலம் சமையலறையில் விடுங்கள். முட்டையையும் இளஞ்சூட்டுத் தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு எடுங்கள், இல்லாவிட்டால் கலவை திரிந்துபோகும்.

மணம் தோலில்தான் இருக்கிறது, சாற்றில் இல்லை. மேல்தோலை மட்டும் துருவிச் சீனியோடு விரலால் கசக்கிவிட்டு அப்புறம் பட்டரைச் சேருங்கள். வெள்ளைப் பகுதி வந்தால் கசப்புத்தான். கடையில் வாங்கும் பழத்தில் சில நேரம் மெழுகு பூசியிருக்கும், சுடுதண்ணீரில் தேய்த்துக் கழுவாமல் துருவாதீர்கள். தோட்டத்து லயத்துக்குப் பின்னால் தேசி மரம் நிற்கிறவர்களுக்கு அந்தக் கவலை இல்லை, கொடுத்து வைத்தவர்கள்!

மேலே ஊற்றும் பாகுக்கு 100 கிராம் சீனி, கால் கோப்பை தேசிச் சாறு. காய்ச்ச வேண்டாம். அலுமினியச் சட்டியில் கலக்கவும் வேண்டாம், புளி பட்டால் உலோக வாடை வரும். கேக் ஒவனிலிருந்து வந்த சூட்டிலேயே, ட்ரேயில் இருக்கும்போதே, ஈர்க்கால் நிறையக் குத்திவிட்டு, சீனி முழுக்கக் கரைவதற்கு முன் ஊற்றிவிடுங்கள். சாறு உள்ளே இறங்கும், சீனி மேலே மொறுமொறுவென்று காயும். ஆறின கேக்கில் ஊற்றினால் எல்லாம் மேலேயே நிற்கும். மழையும் பனிமூட்டமுமான நாளில் அந்த மொறுமொறுப்பு சாயங்காலத்துக்குள் பிசுபிசுத்துவிடும், ஆறியதும் டப்பாவில் போட்டு மூடுங்கள்.

கொழும்பில் இருக்கும் தங்கச்சிக்கு இந்த அளவை அனுப்புவதென்றால் பவுடரை மறுபடி இரண்டு தேக்கரண்டி ஆக்கிவிட்டு அனுப்புங்கள். நான் அதைச் சொல்ல மறந்து, ஒரு பிள்ளை தன் அக்காவிடம் நன்றாக ஏச்சு வாங்கியது.