எலும்புக்குப் பெயர் கிடைப்பது எப்படி?

முப்பது வருடம் மண்ணுக்குள் கிடந்த எலும்புக்கூடு வெளியே வந்தால், டி.என்.ஏ. டெஸ்ட் எடுத்தால் யாரென்று தெரிந்துவிடும் என்று சட்டென்று சொல்லிவிடுகிறோம். டி.என்.ஏ.வில் யாருடைய பெயரும் எழுதியிருக்காது. ஒப்பிட்டுப் பார்க்க உறவினர் ஒருவருடைய டி.என்.ஏ. கிடைத்தால்தான் பெயர் தெரியும். அந்த உறவினரைக் கண்டுபிடிக்க முடியாமலேயே பல வழக்குகள் கிடப்பில் கிடக்கின்றன.

ஆகவே முதல் வேலை, தேட வேண்டிய வட்டத்தைச் சுருக்குவது. இடுப்பெலும்பு ஆணா பெண்ணா என்று காட்டும். தொடையெலும்பின் நீளத்திலிருந்து உயரத்தைக் கணக்கிடலாம். தோளையும் நெஞ்சையும் இணைக்கும் காறையெலும்பின் நெஞ்சுப் பக்கத்து முனை, தண்டோடு இன்னும் முழுதாக ஒட்டவில்லை என்றால், முப்பது வயதைத் தாண்டாதவர் என்று ஏறக்குறைய சொல்லிவிடலாம்.

எனக்கு இதில் பெரிய ஆச்சரியம் பல்தான். 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் திறந்தவெளியில் வெடித்துப் பார்த்த அணுகுண்டுகள், காற்றிலிருந்த கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பனின் அளவைக் கிட்டத்தட்ட இரட்டிப்பாக்கின. 1963ல் தடை ஒப்பந்தம் வந்தபின் அது வருடத்துக்கு வருடம் குறைந்தது. காற்றில் இருப்பது பயிருக்குப் போகிறது, பயிரிலிருந்து நம் உடம்புக்கு வருகிறது. பல்லின் எனாமல் ஒருமுறை உருவாகிவிட்டால் அப்புறம் புதுப்பிக்கப்படுவதில்லை. சிறுவயதில் என்ன அளவு சேர்ந்ததோ அதே அளவு கடைசிவரை அதில் இருக்கும். அதை அளந்து, காற்றில் எந்த வருடம் அந்த அளவு இருந்தது என்று பார்த்தால், ஓரிரண்டு வருடம் முன்பின்னாகப் பிறந்த ஆண்டையே நெருங்கிவிடலாம்.

டி.என்.ஏ. எடுக்கவும் பல் நல்ல இடம். அதைவிட நல்ல இடம், உட்காதைப் பொதிந்திருக்கும் மண்டையோட்டு எலும்பு. உடம்பிலேயே மிகக் கெட்டியான எலும்புகளில் அது ஒன்று. மேல்பரப்பைத் தேய்த்து நீக்கி, பிளீச்சில் கழுவி, திரவ நைட்ரஜனில் உறையவைத்து மாவாக அரைக்கிறார்கள். ஒரு சிட்டிகை மாவுதான். கால்சியத்தை இழுத்துக்கொள்ளும் கரைசலில் அதை ஊறவைத்தால், சிக்கியிருந்த டி.என்.ஏ. துண்டுதுண்டாக வெளியே வரும். இங்கே பெரிய ஆபத்து, வேலை செய்பவரின் சொந்த டி.என்.ஏ. அவர் வாயிலிருந்து தெறிக்கும் ஒரு துளி எச்சிலில், அந்த மாவில் இருப்பதைவிட அதிகமாக இருக்கும். அதனால் ஆய்வக ஊழியர்களின் டி.என்.ஏ. விவரத்தையும் முன்பே எடுத்துவைத்து, முடிவில் அது தலைகாட்டுகிறதா என்று பார்க்கிறார்கள்.

பெற்றோரோ பிள்ளையோ இருந்தால் ஒப்பிடுவது எளிது, பாதி டி.என்.ஏ. பொருந்த வேண்டும். தூரத்து உறவுதான் இருக்கிறதென்றால், செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா கைகொடுக்கும். அதன் டி.என்.ஏ. தாய்வழியில் மட்டும் இறங்குகிறது, ஒரு செல்லில் நூற்றுக்கணக்கான பிரதிகள் இருப்பதால் பழைய எலும்பிலும் தப்பிப் பிழைக்கிறது. 1918ல் கொல்லப்பட்ட ரஷ்யப் பேரரசி அலெக்சாண்ட்ராவின் எலும்பை, அவருடைய அக்காவின் மகள் வயிற்றுப் பேரனான, பிரிட்டிஷ் ராணி எலிசபெத்தின் கணவர் இளவரசர் பிலிப்பின் ரத்தத்தோடு ஒப்பிட்டுத்தான் அடையாளம் கண்டார்கள். ஆனால் ஒரே தாய்வழியில் வந்த எல்லோருக்கும் அது ஒன்றாகவே இருக்கும் என்பதால், அதை மட்டும் நம்பி ஒருவரைச் சுட்டிவிட முடியாது.

குடும்பம் எதுவென்றே தெரியாதபோது, கடந்த சில வருடங்களாக வேறொரு வழி இருக்கிறது. டி.என்.ஏ.வில் லட்சக்கணக்கான இடங்களைப் படித்து, தங்கள் வம்சத்தை அறியத் தாமாகவே டி.என்.ஏ. கொடுத்தவர்களின் தொகுப்பில், காவல்துறைத் தேடலுக்குச் சம்மதித்தவர்களோடு ஒப்பிடுகிறார்கள். கிடைப்பது பாட்டனுக்குப் பாட்டன் வழியில் சொந்தமான யாரோ ஒருவராக இருக்கலாம். அங்கிருந்து பொது முன்னோர் வரை ஏறி, பிறகு பிறப்பு, திருமணப் பதிவுகளைப் புரட்டிக் கிளைகிளையாக இறங்க வேண்டும். மாதக்கணக்கில் ஆகும். கடைசியில் நெருங்கிய உறவினர் ஒருவரிடம் மாதிரி வாங்கித்தான் உறுதிசெய்வார்கள்.

எலும்பைக் குடும்பத்தாரின் டி.என்.ஏ.வோடு ஒப்பிடுவதைப் பெரிய அளவில் செய்துகாட்டியது போஸ்னியா. 1995ல், அங்கே நடந்த போரில், ஸ்ரெப்ரெனிட்சா என்ற ஊரில் சுமார் 8,000 ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டார்கள். தடயத்தை மறைக்க, கொன்றவர்களே புதைகுழிகளை இயந்திரத்தால் தோண்டி, எலும்புகளை வேறு குழிகளுக்கு மாற்றினார்கள். ஒரே ஆளின் எலும்புகள் பல குழிகளில் கிடந்தன. குடும்பங்களிடம் ரத்த மாதிரி வாங்கி ஒப்பிட்டதில் இதுவரை 7,000 பேருக்கு அருகில் பெயர் கிடைத்திருக்கிறது. ரத்தம் கொடுத்த தாய்மார்களில் பலர், மகனின் செய்தி வருமுன்னே இறந்துவிட்டார்கள். அவர்கள் விரலில் எடுத்த அந்தச் சில சொட்டு ரத்தத்தின் விவரம் பதிவில் இருக்கிறது. புதிதாக எலும்பு கிடைக்கும்போதெல்லாம் அதோடும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்.