கையில் வாத்தியம் இல்லாதவர் என்ன செய்கிறார்?

திருவையாற்றில் எங்கள் தெருவிலேயே ஒரு தவில் வித்வான் இருக்கிறார். ஒரு சாயங்காலம் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியை (மேற்கத்திய வாத்தியக் குழு சேர்ந்து வாசிக்கும் நீண்ட உருப்படி) போனில் போட்டேன். மூன்று குட்டை ஸ்வரம், ஒரு நெட்டை ஸ்வரம் என்று உலகத்துக்கே தெரிந்த அந்தத் தொடக்கம்தான். தொடையில் தட்டிக்கொண்டே கேட்டவர் கொஞ்ச நேரத்தில் சொன்னார்: "தம்பி, இது சமத்துல எடுக்கலை. தள்ளி எடுத்து, நாலாவதுலதான் அடி விழுது."

சரியாகப் பிடித்துவிட்டார். நொட்டேஷனில் முதலில் இருப்பது ஸ்வரமே இல்லை, ஒரு சின்ன மௌனம். நம் பாஷையில் அனாகத எடுப்பு, அதாவது தாளம் தொடங்கிய பிறகு எடுப்பது. குழுவின் முன்னால் வாத்தியம் இல்லாமல் நின்று, குச்சியால் காலம் காட்டுகிறவர் நடத்துநர். அவர் குச்சியை இறக்கும் நொடியில் யாரும் வாசிப்பதில்லை. குச்சி இறங்கும் வேகத்தைப் பார்த்தே அந்த மௌனம் எவ்வளவு நீளம் என்று அத்தனை பேரும் கணக்குப் போட்டு, ஒன்றாக விழ வேண்டும். (நடத்துநர் என்றால் கும்பகோணம் பஸ்ஸில் விசில் ஊதுகிறவர்தான் நமக்கு ஞாபகத்துக்கு வருவார். அவராவது விசில் ஊதுகிறார். இவர் ஒரு சத்தமும் போடுவதில்லை.)

அப்படியானால் இவர் எதற்கு? ஒளியும் ஒலியும் ஒரே வேகத்தில் போவதில்லை என்பதற்காக. ஒலி 34 மீட்டர் போக ஏறக்குறைய 0.1 விநாடி ஆகிறது. தியாகராஜர் ஆராதனையில் பஞ்சரத்னம் பாடும்போது, ஸ்பீக்கர் இல்லாமல் பந்தலின் கடைசியில் இருப்பவர் காதை மட்டும் நம்பினால் அந்த அளவு பின்தங்கித்தான் பாடுவார். மெதுவான சௌக்க காலத்தில் அது பெரிதாகத் தெரியாது. பீத்தோவன் குறித்த வேகத்திலோ அந்தக் குட்டை ஸ்வரம் ஒன்றின் ஆயுளே 0.14 விநாடிதான். மேடையின் அகலம் 15 மீட்டர் என்றால், ஒரு ஓரத்துச் சத்தம் மறு ஓரம் சேர்வதற்குள் ஸ்வரத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். கண்ணுக்குத் தெரியும் குச்சிக்கு இந்தத் தாமதம் கிடையாது.

சரி, நொட்டேஷன் ஒன்றுதான், ஸ்வரங்களும் அவையேதான். பிறகு ஏன் பதிவுக்குப் பதிவு இவ்வளவு வித்தியாசம்? எல்லாவற்றையும் நடத்துநர் தலையில் கட்டிவிடுவது நம் வழக்கம். அவர் பொறுப்பில் இல்லாதவற்றை முதலில் கழிக்க வேண்டும்.

முதலில் நேரம். சிம்பொனியின் முதல் பகுதியில் 502 தாள அளவுகள் (நம் ஆவர்த்தனம் மாதிரி) உண்டு. முதல் 124-ஐ இன்னொரு முறை வாசிக்கச் சொல்லியிருக்கிறார் பீத்தோவன். சில பழைய பதிவுகளில் அதை விட்டுவிடுவார்கள். அங்கேயே ஒன்றரை நிமிடம் போலக் குறைந்துவிடும். அது தெரியாமல் 'இவர் என்ன வேகம்!' என்று வியந்தால் ஏமாந்தோம்.

அடுத்தது சுருதி. டேப் ரெக்கார்டரில் பேட்டரி இறங்கினால் பாட்டு இழுத்துக்கொண்டு, குரலும் கட்டையாகப் போகுமே, நினைவிருக்கிறதா? 78 ஆர்பிஎம் இசைத்தட்டுகளிலும் அதே சங்கடம்தான். சுழலும் வேகம் 6 சதவீதம் கூடினால் சுருதி அரை ஸ்வரம் ஏறும், வாசிப்பும் அந்த அளவு ஓடும். 1913-இல் நடத்துநர் ஆர்தர் நிகிஷ் பெர்லின் பில்ஹார்மோனிக் குழுவை வைத்துப் பதிந்த ஐந்தாம் சிம்பொனி இப்போதும் கேட்கக் கிடைக்கிறது. மைக் வருவதற்கு முந்திய காலம். கூம்புக்குள் போன சத்தம் மட்டும்தான் தட்டில் இருக்கிறது. அதில் தம்பூரா மாதிரி ஒரு சுருதியை வைத்துச் சோதித்துவிட்டுத்தான் ஸ்டாப்வாட்சைத் தொட வேண்டும். பழைய காலத்து வாத்தியங்களோடு வாசிக்கும் குழுக்கள் 440 ஹெர்ட்ஸுக்குப் பதிலாகப் பெரும்பாலும் 430-இல் சுருதி சேர்க்கிறார்கள். அது அரை ஸ்வரத்தில் பாதிக்கும் குறைவு, இருந்தாலும் ஒலியின் நிறம் மாறிவிடும்.

அப்புறம் மண்டபம். வியன்னாவின் மியூசிக்ஃபெராய்ன் அரங்கில் சத்தம் அடங்க 2 விநாடி போல ஆகும். நடத்துநர் டோஸ்கானினி 1939-இல் வாசிக்க வைத்த நியூயார்க்கின் ஸ்டுடியோ 8-எச், சத்தம் சட்டென்று அடங்கும் வறட்சிக்குப் பேர்போனது. அங்கே மௌனம் கத்தியால் வெட்டியது போல விழும். கோயில் கல் மண்டபத்தில் நாகஸ்வரம் வாசிக்கிறவர், முந்தின பிடியின் எதிரொலி கொஞ்சம் அடங்கட்டும் என்று விட்டுத்தான் அடுத்ததை எடுப்பார். தெருவில் புறப்பாட்டின்போது அந்தக் கவலையே இல்லை. ஆள் மாறவில்லை, இடம் மாறியிருக்கிறது.

வால்யூமையும் சமமாக வையுங்கள். ஒரு துளி கூடுதலாக ஒலிக்கும் பதிவுதான் 'உயிரோட்டமாக' இருப்பதாகக் காது சத்தியம் செய்யும். நானே பலமுறை ஏமாந்திருக்கிறேன்.

இத்தனையும் போக மீதி இருப்பதுதான் நடத்துநர். அது இரண்டு இடங்களில் நன்றாகத் தெரியும்.

ஒன்று, காலப்பிரமாணம், அதாவது வேகம். 1817-இல் பீத்தோவன் மெட்ரோனோம் (வேகத்தை டிக் டிக்கென்று காட்டும் கருவி) எண்களை வெளியிட்டபோது, இந்தப் பகுதிக்கு நிமிடத்துக்கு 108 தாள அளவு என்று கொடுத்தார். திரும்ப வாசிப்பதையும் சேர்த்தால் 626 அளவு. நிற்காமல் ஓடினால் 5 நிமிடம் 48 விநாடி. கார்லோஸ் கிளைபர் 1974-இல் வியன்னா பில்ஹார்மோனிக்கோடு செய்த பதிவை எல்லோரும் அனல் பறக்கிறது என்பார்கள். அதுவே 7 நிமிடம் 20 விநாடியைத் தொடுகிறது, சராசரி 85தான். நடுவில் நிற்கிற இடங்களும் அதில் சேர்த்தி.

அந்த நிற்கிற இடம்தான் இரண்டாவது. நாலாவது ஸ்வரத்தின் தலையில் புள்ளியும் வளைவுமாக ஒரு குறி இருக்கும். ஃபெர்மாட்டா என்று பெயர். நாம் ஸ்வரத்தை நீட்டி நிற்கும் கார்வைக்குக் கணக்கு உண்டு, இதற்குக் கிடையாது. 'நில்' என்று மட்டும் சொல்லும். எத்தனை நேரம் என்பது நடத்துநர் இஷ்டம். டோஸ்கானினி கறார்ப் பேர்வழி. 1947-இல் பெர்லினில் ஃபுர்ட்வாங்லர் நடத்திய கச்சேரிப் பதிவைப் போட்டுப் பாருங்கள், காலம் ரப்பர் மாதிரி இழுபடும், சுருங்கும். மொத்த நேரம் இதைக் காட்டிக்கொடுக்காது. ஓரிடத்தில் இழுத்ததை இன்னோரிடத்தில் ஓடி ஈடு கட்டியிருப்பார்கள். லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தின் 'சோனிக் விஷுவலைசர்' என்ற இலவச மென்பொருளில் அடிக்கு அடி குறித்துக் கோடு வரைந்தால், எங்கே இழுத்தார், எங்கே ஓடினார் என்பது மேடு பள்ளமாகத் தெரியும்.

பாதி தாண்டியதும் ஓர் இடம் வருகிறது. அத்தனை வாத்தியமும் நின்று, ஒபோ என்ற ஊதுகுழல் மட்டும் தனியாக ஒரே ஒரு தாள அளவை நிதானமாக வாசிக்கும். கிளைபரின் அப்பா எரிக் கிளைபரும் 1953-இல் ஆம்ஸ்டர்டாமில் இதே சிம்பொனியைப் பதிந்திருக்கிறார். அந்த ஓர் இடத்துக்காகவே மகனுடையதைப் போட்டேன், அப்புறம் அப்பாவுடையதை.

தாளம் கரைந்த இடத்தில் வித்வானின் கையும் தொடையிலேயே நின்றுவிட்டது.

"இது சீவாளி வாத்தியம்தானே? அந்த எடத்தை மட்டும் திரும்பப் போடு தம்பி."