ஆறாவது தவணைக்கு முன்பே சொல்லியிருக்கலாம்

போன வாரமும் ஒருவர் வந்தார். ஓய்வு பெற்ற அங்கன்வாடி உதவியாளர். கையில் நகைச் சீட்டு அட்டை, அதில் ஆறு தவணைக்கான முத்திரை. கடையோ இரண்டு மாதமாகப் பூட்டிக் கிடக்கிறது. தேதிகளைப் பார்த்தபோது எனக்கு ஆத்திரம் வந்தது. கடைமீது புகார் போய் விசாரணை தொடங்கிய பிறகுதான் அந்த அம்மா முதல் தவணையே கட்டியிருக்கிறார். கட்டுமுன் மகனிடம் கேட்டிருக்கிறார். அவனும் இணையத்தில் தேடிவிட்டு, "கெட்ட பேர் ஒன்றும் இல்லை அம்மா" என்றிருக்கிறான். இந்த ஆண்டு என் மேசைக்கு வந்த இப்படிப்பட்ட நான்காவது அட்டை இது.

"அரசாங்கம் ஒன்றும் சொல்லவில்லையே!" நுகர்வோர் வழக்குகளில் நான் அதிகம் கேட்பதும், கேட்கக் கேட்க மனம் வெறுத்துப்போவதும் இந்த வார்த்தைதான். விசாரணை பெரும்பாலும் சத்தமில்லாமல் நடக்கும். சோதனையோ கைதோ நடந்த பிறகுதான் பெயர் செய்தித்தாளுக்கு வரும். பெயர் வரவில்லை என்றால் யாரும் புகார் கொடுக்காமல் இருக்கலாம். கட்டுக்கட்டாகப் புகார் குவிந்து கோப்பு நகராமலும் இருக்கலாம். வெளியே இருக்கும் உங்களுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். அனுமதியற்ற அந்நியச் செலாவணி வர்த்தகத் தளங்களின் எச்சரிக்கைப் பட்டியலை 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வெளியிட்டபோது, பட்டியலில் பெயர் இல்லாததாலேயே ஒரு நிறுவனத்தை அங்கீகரிக்கப்பட்டதாகக் கொள்ளக் கூடாது என்று அதிலேயே சொன்னது. சுவரில் மாட்டிய ஜி.எஸ்.டி. சான்றிதழும் அப்படித்தான். அது வரிக்கான பதிவு. உங்கள் பணத்துக்கான உத்தரவாதம் அதில் இல்லை.

விசாரணையில் உள்ள கடையின் பெயரை அரசு எப்போது சொல்வது? என் அளவுகோல் ஒன்றுதான்: இன்றைக்கும் அந்தக் கல்லாவில் மக்கள் பணம் விழுந்துகொண்டிருக்கிறதா? ஆம் என்றால், முதல்கட்ட விசாரணையில் ஆவண ஆதாரம் கிடைத்த அன்றே சொல்ல வேண்டும். விற்பனை நின்றுபோன பழைய விவகாரம் என்றால் தீர்ப்புவரை காத்திருக்கலாம்.

தொழில் போட்டியில் பொய்ப்புகார் கொடுப்பவர்கள் உண்டு. அப்படிச் சிக்கிய ஒரு மளிகைக் கடைக்காரருக்காக நானே வாதாடியிருக்கிறேன். வழக்கில் வென்ற பிறகும் அவர் கடைக்குப் பழைய கூட்டம் திரும்பவில்லை. ஆகவே வெறும் புகாரை வைத்துப் பெயரை வெளியிடக் கூடாது. சில நாள் அவகாசம் கொடுத்து விளக்கம் கேட்டு, அந்த விளக்கத்தையும் சேர்த்தே வெளியிட வேண்டும். குற்றமில்லை என்று தெரிந்தால் அதே இடத்தில், அதே அளவில் அறிவிக்க வேண்டும்.

பிரிட்டனில் நிதி நிறுவனங்களைக் கண்காணிக்கும் நிதி நடத்தை ஆணையம், விசாரணையில் உள்ள நிறுவனங்களின் பெயரை இன்னும் தாராளமாக வெளியிடலாம் என்று 2024 பிப்ரவரியில் முன்மொழிந்தது. நிதித்துறையின் கடும் எதிர்ப்புக்குப் பின் 2025 மார்ச்சில் கைவிட்டது. ஆனால் உரிமம் இல்லாமல் இயங்குவோரைப் பற்றி எச்சரிப்பதை அது விடவில்லை. உரிமம் உள்ளவர், இல்லாதவர் என்ற அந்த வேறுபாடு நமக்கும் பொருந்தும்.

நம்மிடம் அதிகாரமே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, ஆபத்தான பொருள், சேவை குறித்து எச்சரிக்கை அறிவிப்பு வெளியிட மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அதிகாரம் தருகிறது. 2021 டிசம்பரில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத ஹெல்மெட், பிரஷர் குக்கர் பற்றி அப்படி எச்சரித்தார்கள். தவணைப் பணத்துக்கும் அந்த அக்கறை வேண்டும் என்கிறேன்.

அதுவரை நீங்கள்தான் விழித்திருக்க வேண்டும். நகைத் திட்டங்கள் பதினொரு மாதத்தில் முடிவதற்குக் காரணம் உண்டு: பொருளுக்காக வாங்கிய முன்பணத்தை 365 நாளுக்குள் ஒரு நிறுவனம் பொருளாகக் கொடுத்து நேர்செய்யாவிட்டால் சட்டப்படி அது வைப்புத்தொகை ஆகிவிடும்; அதை நினைத்தபடி வாங்க முடியாது. இரண்டு ஆண்டுத் திட்டம் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். ஏலச் சீட்டு என்றால் பதிவுத்துறையில் பதிவு எண்ணைச் சரிபாருங்கள். வைப்புத்தொகை வாங்கும் நிறுவனத்தை ரிசர்வ் வங்கியின் சாசெட் தளத்தில் தேடுங்கள். சந்தேகம் வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்கு அழையுங்கள்; அடுத்த தவணையை நிறுத்துங்கள். "இவ்வளவு கட்டிவிட்டேனே" என்று மேலும் கட்டாதீர்கள்.

கடை மூடியதும், "பணம் வாங்கித் தருகிறேன், அட்டையைக் கொடுங்கள்" என்று யாராவது வருவார்கள். தயவுசெய்து மூல அட்டையைக் கொடுத்துவிடாதீர்கள். அது இல்லாமல் வந்தவர்களுக்காக நான் பட்ட பாடு கொஞ்சமல்ல.